பனிக்கடலின் நாட்குறிப்பு

முன்னுரை

சென்னை மாநகருக்குத் தெற்கே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் வழியில், குன்றும் காடும் சூழ அமைந்தது வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாற் புகழ்பெற்ற ஊர் அது. அதனை அடுத்துள்ள மண்ணிவாக்கம், நெடுங்குன்றம் முதலிய ஊர்களில் ஏரிகளும் கிணறுகளும் உண்டு. கோடை நண்பகலில் ஆழமான கிணறு ஒன்றிற் குதித்து நீராடிவந்த சிறுவனை, "நீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மேலே வெதுவெதுப்பாய் இருக்கிறது, முங்கிக் கீழே போனால் கால் விறைக்கிறது" என்று அவன் விடை கூறுவான். கிணறு ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். எனினும் மேல்நீர் வேறு, அடிநீர் வேறாக இருக்கின்றன. வெயிலால் வெம்மையுற்ற நீர் இலேசாகி மேலே தங்குகிறது. குளிர்ந்த நீர் கனத்து அடியிலே கிடக்கிறது.

கிணற்றிலே சிறுவன் கண்ட இவ்வுண்மையே உலகின் பெருங்கடல்களையும் ஆள்கிறது. வண்டலூரிலிருந்து தாம்பரம் சென்று, அங்கிருந்து சேலையூர், மேடவாக்கம் வழியாக வேளச்சேரிச் சாலையிற் சென்றால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் பள்ளிக்கரணையை அடையலாம். அங்கே, 1993ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அந்நிறுவனத்தார் உருவாக்கிய கருவித்தொடர் ஒன்று, 2014ஆம் ஆண்டில், வடமுனையிலிருந்து 1,200 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள பனிக்கடலில் இறக்கப்பட்டது. வெயிலுக்குப் பெயர்பெற்ற ஊரிற் பிறந்த கருவி, பனிக்கடலின் இருளில் நின்று எதனை அளக்கிறது? ஆண்டுதோறும் விடாமல் அளக்கவேண்டிய தேவை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நீர்த்திரள் என்பது யாது?

கடல்நீர் ஒரு கிலோகிராமை எடுத்துக் காய்ச்சினால், சராசரியாக 35 கிராம் உப்புகள் எஞ்சும். ஆயினும் எல்லாக் கடல்களிலும் இவ்வளவு ஒன்றாக இருப்பதில்லை. ஆறுகள் கலக்கும் இடத்திலும், பனிக்கட்டி உருகும் இடத்திலும் உப்புக் குறையும். வெயிலால் நீர் மிகுதியாக ஆவியாகும் இடத்தில் உப்பு மிகும். வெப்பநிலையும் அவ்வாறே இடத்துக்கு இடம் வேறுபடும். ஓரிடத்திலே தோன்றி, அங்கே பெற்ற வெப்பத்தையும் உப்பையும் தன் இயல்பாகக் கொண்டு, நெடுந்தொலைவு சென்ற பின்னும் அவ்வியல்பை எளிதில் இழக்காத பெருநீர்த் தொகுதியை 'நீர்த்திரள்' என்பர் கடலியல் அறிஞர். மழைக்காலத்திற் புதுவெள்ளம் ஏரியில் நுழையும்போது, செந்நீரும் தெளிநீரும் சிறிது நேரம் தனித்தனியே தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடலிலோ அத்தகைய வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வெப்பமானியும் உப்பளவைக் கருவியுமே அதனைக் காட்டவல்லன. மேலும், ஏரியில் நாழிகைக் கணக்கில் நிகழும் கலப்பு, கடலில் நிகழ ஆண்டுகள் பல ஆகும்.

வெப்பமும் உப்பும் சேர்ந்தே நீரின் அடர்த்தியை உறுதிசெய்கின்றன. குளிர்ந்தால் நீர் கனக்கும். உப்பு மிகுந்தாலும் கனக்கும். நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெற்று, அதற்கு மேலும் குளிரும்போது சிறிது இலேசாகிவிடும். கடல்நீரோ உறையும் நிலை வரையில் மேன்மேலும் கனத்துக்கொண்டே செல்லும். அது உறைவதும் சுழி டிகிரியில் அன்று. சுழிக்குக் கீழே ஏறத்தாழ 1.9 டிகிரியில்தான். அவ்வாறு உறையும்போது பனிக்கட்டி உப்பைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அவ்வுப்பைப் பெற்ற அடுத்த நீர் இன்னும் கனத்துக் கீழே இறங்கும்.

இக்காரணத்தால், உலகக் கடல்களின் ஆழத்தை நிரப்பும் குளிர்நீர் பெரும்பாலும் துருவப் பகுதிகளிலேயே பிறக்கிறது. தென்துருவக் கண்டமாகிய அண்டார்டிக்காவின் கரையோரம் கனத்து இறங்கிய நீர், கடலின் அடித்தரையைத் தொட்டுக்கொண்டு வடக்கு நோக்கி மெல்லப் பரவுகிறது. நம் வங்காள விரிகுடாவின் பேராழத்தில் உள்ள குளிர்நீருக்கும் மூலம் அத்தென்பகுதியே. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கரையில் நின்று நாம் காணும் கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பானது. ஆனால் அக்கடலின் ஆழமோ துருவத்தின் குளிரைத் தாங்கிநிற்கிறது.

நான்சென் கண்ட புதுமை

வடமுனைக் கடலின் அடுக்குகளை முதன்முதலில் தெளிவாக அளந்து காட்டியவர் நார்வே நாட்டு அறிஞர் பிரிட்ஜாஃப் நான்சென் ஆவார். பனிக்கட்டி நெருக்கினாலும் நொறுங்காமல் மேலே எழும்பும்படி வட்ட வடிவான அடிப்பாகத்துடன் 'ஃபிராம்' என்னும் மரக்கப்பலைக் கட்டுவித்து, 1893ஆம் ஆண்டில் அதனை வேண்டுமென்றே கடற்பனியில் அகப்படுத்தினார். பனியோடு பனியாக அக்கப்பல் நகர்ந்து, 1896ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அம்மூன்றாண்டுகளில் அவருடன் சென்றோர் பனியிலே துளையிட்டு, ஆழந்தோறும் நீரின் வெப்பநிலையை அளந்தனர்.

அவர்கள் கண்டது வியப்பிற்குரியது. மேலே உறைநிலையை ஒட்டிய குளிர்நீர் இருந்தது. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே சென்றபோது, சுழிக்கு மேற்பட்ட வெப்பநிலையுடைய நீர் காணப்பட்டது! கிணற்றிற் கண்டதற்கு இது மாறாக அன்றோ இருக்கிறது? வெம்மையான நீர் ஏன் மேலே எழவில்லை? அதற்கு உப்பே காரணம். அவ்வெம்மையான நீர் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வந்தது, உப்பு மிகுந்தது. மேலேயுள்ள நீரோ, பேராறுகளின் நன்னீரும் உருகிய பனியும் கலந்தமையால் உப்புக் குறைந்தது. வடமுனையின் கடுங்குளிரில், வெப்பத்தைவிட உப்பே நீரின் கனத்தைப் பெரிதும் உறுதிசெய்கிறது. ஆகவே, வெம்மையும் உவர்ப்பும் மிக்க நீர் கீழே கிடக்க, குளிர்ந்த இலேசான நீர் அதன்மேல் மூடிபோல் மிதக்கிறது. அம்மூடி நீங்கினால், கீழுள்ள வெப்பம் மேலே வந்து கடற்பனியை உருக்கத் தொடங்கும். வடமுனைக் கடலின் உறைபனி நிலைத்திருப்பது இம்மெல்லிய மூடியையும் சார்ந்ததாகும்.

பதினான்கு ஆண்டுப் பயணம்

நீர்த்திரள்கள் எக்காலத்தும் ஒரு தன்மையவாய் இருப்பதில்லை. அவற்றின் மாற்றத்தை அறிவது எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்.

1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், வடமுனைக் கடலிலிருந்து கிரீன்லாந்தின் கீழ்க்கரை வழியாக, வழக்கத்தினும் மிகுதியான பனிக்கட்டியும் உப்புக் குறைந்த நீரும் தெற்கு நோக்கி வந்தன. ஐஸ்லாந்து நாட்டின் கரையைக் கடற்பனி நெருக்கிற்று. பின்னர் அந்நீர்த்திரள் கிரீன்லாந்தின் தென்முனையைச் சுற்றி லாப்ரடார் கடலை அடைந்தது. அக்கடலின் மேல்நீர் பனிக்காலத்திற் குளிர்ந்து கனத்து ஆழத்திற்கு இறங்குவது வழக்கம். இலேசான நீர் மேலே படர்ந்துவிட்டமையால், 1970ஆம் ஆண்டை ஒட்டிய சில பனிக்காலங்களில் அவ்வழக்கம் தடைப்பட்டது. அதன்பின் அந்நீர்த்திரள் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கே சென்று, வடக்கே திரும்பி, 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தான் புறப்பட்ட கடற்பகுதிக்கே மீண்டது. இப்பயணம் முடிய ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின.

அப்பதினான்கு ஆண்டுகளில் ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் அளந்தவர் எவரும் அப்பயணத்தை அறிந்திருக்க முடியாது. 'இவ்வாண்டு இங்கே உப்புச் சற்றுக் குறைவு' என்று எழுதிவைத்ததோடு அவர் அமைந்திருப்பார். பல நாட்டுக் கப்பல்கள், குறித்த இடங்களில் ஆண்டுதோறும் அளந்து வைத்த கணக்குகளை ஒருங்கே வைத்து ஒப்பிட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. பிரிட்டன், ஜெர்மனி, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த அறிஞர் நால்வர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, அந்நீர்த்திரளின் வழியை முழுவதும் எடுத்துக் காட்டிற்று. அளந்தவர் பலர் தம் அளவு எதற்குப் பயன்படும் என்பதை அன்று அறியார். எனினும் தவறாமல் அளந்தனர். அத்தவறாமையே பிற்காலத்தார்க்குச் செல்வமாயிற்று.

ஓராண்டுக் கணக்குப் போதுமா?

இவ்வுண்மையை அறியத் துருவத்திற்குச் செல்லவேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய ஊர்களில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ, சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றனர். முதலாண்டை மட்டும் கண்ட ஒருவர், 'இது வெள்ளக்காடு' என்பார். பின்னாண்டை மட்டும் கண்டவர், 'இது வறண்ட நிலம்' என்பார். இருவர் கூற்றும் முழு உண்மையாகா. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வானாய்வுக் கூடம் ஒன்று கட்டப்பட்டது. 1813ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னையின் மழையளவு கணக்கிட்டு வைக்கப்பட்டுள்ளது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த அக்கணக்கு இருப்பதனாலேயே, ஓர் ஆண்டின் மழை வழக்கமானதா, வழக்கத்தை மீறியதா என்று நாம் துணிந்து கூற முடிகிறது.

துருவக் கடல்களுக்கு அத்தகைய நீண்ட கணக்குகள் மிகச் சில. அங்கே கோடையிற் கப்பல் செல்லும்; பனிக்காலத்திற் செல்வது அரிது. ஆகவே பல இடங்களில் கோடைக் கணக்கு உண்டு. பனிக்காலக் கணக்கு இல்லை. நாட்குறிப்பு எழுதுபவன் ஆண்டின் பாதிப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிட்டாற்போன்றது அது. நீர் குளிர்ந்து கனத்துப் புதிய நீர்த்திரளாக மாறுவதோ பெரும்பாலும் அப்பனிக்காலத்திலேதான்!

அரசன் நுழைகடல்

வடக்கு அட்லாண்டிக்கும் வடமுனைக் கடலும் சந்திக்கும் இடத்தில் ஸ்வால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அது நார்வே நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அத்தீவுகளுட் பெரியதாகிய ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே கடல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்நுழைகடலின் பெயர் காங்ஸ்ஃபியார்டன். 'அரசன் நுழைகடல்' என்பது அதன் பொருள். அதன் தலைப்பகுதியிற் பெரும் பனியாறுகள் மலையிலிருந்து இறங்கிவந்து கடலிலேயே முடிகின்றன. தென்கரையில் நை ஆலசன் என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்னாளில் நிலக்கரிச் சுரங்கம் நடந்த அவ்வூர், இந்நாளிற் பல நாட்டு ஆராய்ச்சியாளர் வாழும் ஊராக விளங்குகிறது. 2008ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, இந்திய அரசு அங்கே 'ஹிமாத்ரி' என்னும் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. வண்டலூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் உள்ளது. நை ஆலசன் 79 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் உள்ளது. ஐப்பசித் திங்களில் அங்கே மறையும் ஞாயிறு மாசித் திங்களிலேதான் மீண்டும் தலைகாட்டும்.

அந்நுழைகடலின் வாயிலில் இருவகை நீர்த்திரள்கள் எதிர்ப்படுகின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், வெம்மையும் உப்பும் மிக்க நீரைக் கொண்டு வருகிறது. அதன் வெப்பநிலை பொதுவாக 3 டிகிரிக்கு மேற்பட்டது. அதற்கும் கரைக்கும் இடையே, வடமுனைக் கடலின் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் ஓடுகிறது. பனிக்காலத்தில் இவ்விரண்டிற்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு ஒரு கதவுபோல் நின்று, வெம்மையான நீர் எளிதில் உள்ளே புகாதபடி தடுக்கும். அப்போது உள்ளேயுள்ள நீர் குளிர்ந்து உறையும்.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடும் பனிக்காலத்திலேயே அக்கதவு திறந்துகொண்டது. வடக்கிலிருந்து கரையோரமாக நெடுநாள் வீசிய காற்று, மேல்நீரைக் கடல்நோக்கி ஒதுக்கிற்று. அவ்விடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்த அட்லாண்டிக் நீர் மேலேறிக் கரையோரத் திட்டின்மேற் பரவி, நுழைகடல்களுக்குள்ளும் புகுந்தது. அவ்வாண்டு அரசன் நுழைகடல் வழக்கம்போல் உறையவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும், இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக, உறைபனி குறைந்த பரப்பிலும் குறுகிய காலமுமே காணப்பட்டது.

இஃது ஓராண்டுக் காற்றின் விளையாட்டா, நிலைத்த மாற்றத்தின் தொடக்கமா? வரும் வெம்மையான நீர் ஆண்டுதோறும் எவ்வளவு? எந்த மாதத்தில் நுழைகிறது? எவ்வளவு நாள் தங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை கூற, கோடையிற் சென்று ஒருமுறை அளப்பது போதாது. இருளிலும் பனியிலும் அங்கேயே நிற்கும் ஒரு காவலன் வேண்டும்.

பள்ளிக்கரணையிற் பிறந்த காவலன்

அக்காவலனே, 2014ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அரசன் நுழைகடலில் இறக்கப்பட்ட 'இண்டார்க்' என்னும் கருவித்தொடர். வடமுனைப் பகுதியில் இந்தியா நிறுவிய முதல் நீரடி ஆய்வு நிலையம் அதுவே. பள்ளிக்கரணை நிறுவனத்தார், கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி மையத்தாரோடும் பிற நிறுவனத்தாரோடும் சேர்ந்து அதனை அமைத்தனர். நார்வே நாட்டுத் துருவ ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அதனைக் கடலில் இறக்க உதவிற்று.

அதன் அமைப்பு எளியது. ஆயினும் நுண்ணறிவு மிக்கது. கடலின் அடியில், 192 மீட்டர் ஆழத்தில், கனமான நங்கூர எடை கிடக்கும். அதிலிருந்து ஒரு வலுவான கயிறு மேல்நோக்கி எழும். கயிற்றின் மேற்புறத்திற் கட்டிய மிதவைகள் அதனைத் தளராமல் நேராக நிறுத்தும். கயிற்றின் இடையிடையே, வெவ்வேறு ஆழங்களில், வெப்பநிலை, உப்பளவு, நீரோட்டத்தின் விரைவும் திசையும் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். 2014இல் அவ்வாறு 10 கருவிகள் பொருத்தப்பட்டன. நீர்ப்பரப்பின்மேல் எவ்வகை அடையாளமும் இராது. இருந்தால் மிதந்துவரும் பனிப்பாறைகள் அதனை இடித்துச் சிதைத்துவிடும். மின்கலங்களின் ஆற்றலால் இயங்கும் அக்கருவிகள், குறித்த இடைவெளிதோறும் தாம் அளந்ததைத் தம் நினைவகத்திற் பதிந்துகொண்டே இருக்கும். நீருக்குள் எழும் ஒலிகளைக் கேட்கும் ஒலிவாங்கியும் பிற்பாடு சேர்க்கப்பட்டது. பனிக்கட்டி உடைந்து உருகும் ஓசை அதிற் பதிவாகும்.

பதிந்த கணக்கை மேலே கொண்டுவருவது எவ்வாறு? கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவி எடுப்பர். இங்கே அம்முறை பயன்படாது. ஆராய்ச்சியாளர் அவ்விடத்திற்குப் படகில் வந்து, நீருக்குள் ஒரு குறிப்பிட்ட ஒலிக்குறியை அனுப்புவர். அதனைக் கேட்டவுடன், நங்கூர எடைக்கு மேலேயுள்ள கொக்கி தானே கழன்றுகொள்ளும். மிதவைகள் கயிற்றையும் கருவிகளையும் இழுத்துக்கொண்டு மேலே எழும். கணக்கைப் படித்தெடுத்து, மின்கலங்களை மாற்றி, கருவிகளைத் தூய்மை செய்து, புதிய எடையோடு மீண்டும் இறக்கிவிடுவர். 2015ஆம் ஆண்டில் முதன்முறையாக அவ்வாறு எடுத்து மீண்டும் நிறுத்தினர். பின்னரும் அப்பணி தொடர்ந்தது. அதன் பயனாக, முன்பு வெறுமையாக இருந்த பனிக்காலப் பக்கங்களில் எழுத்து விழலாயிற்று. வெம்மையான நீர் நுழையும் அளவும் காலமும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகின்றன என்பதை அக்கணக்குகள் மாதம்மாதமாகக் காட்டுகின்றன.

மாற்றத்தின் விளைவுகள்

நீர்த்திரள் மாறினால் அதனை நம்பி வாழும் உயிர்களும் மாறவேண்டும். வடமுனைக் குளிர்நீரில், அரிசிமணியளவே உள்ள, கொழுப்பு மிக்க இறாலினத்து உயிர்கள் பெருகுகின்றன. அட்லாண்டிக் நீரில் வாழும் அவற்றின் இனமோ உருவிற் சிறியது, கொழுப்புங் குறைந்தது. அவ்விறாலினத்தை உண்டு குஞ்சுகளை வளர்க்கும் சிறு ஆக் பறவைகள், வெம்மையான நீர் மிகுந்த ஆண்டில் இரைக்காக மிகுதியும் உழைக்க நேரிடும். கடற்பனியின்மேற் பொழிந்த பனியிற் குகை குடைந்து குட்டி ஈனும் வளையச் சீல்களுக்கு, பனி உறையாத ஆண்டு துன்ப ஆண்டாகும். மற்றொரு பக்கம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஸ்வால்பார்டில் இல்லாதிருந்த நீலச் சிப்பி, 2004ஆம் ஆண்டில் அதன் மேற்குக் கரையில் மீண்டும் காணப்பட்டது. நீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவ்வுயிரும் ஒரு சான்றாயிற்று.

கடலில் முடியும் பனியாறுகளின் முகப்பையும் வெம்மையான நீர் அடியிலிருந்து அரிக்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் உணர்தல் வேண்டும். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழிவதில்லை. அதுபோல மிதக்கும் கடற்பனி உருகுவதனால் மட்டும் கடல்மட்டம் உயர்ந்துவிடாது. நிலத்தின்மேல் இருந்த பனி கடலில் வந்து சேர்ந்தால் மட்டம் உயரும். நீர் வெப்பமுற்று விரிந்தாலும் உயரும். அவ்வுயர்வு துருவத்தோடு நில்லாது. உலகக் கடற்கரைகள் பலவற்றையும் எட்டும். பள்ளிக்கரணையில் அந்நிறுவனத்திற்கு அண்மையில் இருக்கும் சதுப்புநிலமும் தாழ்நிலமே. பறவைகளின் புகலிடமாகிய அது, 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

வடமுனைப் பகுதியின் மாறுதலுக்கும் நம் நாட்டுப் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதும் இண்டார்க்கின் நோக்கங்களுள் ஒன்றாகும். அத்தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆதலின், நம்மூரிற் பெய்த ஒரு பெருமழையைக் கண்டு, 'இது பனிக்கடல் செய்த வேலை' என்று நாம் விரைந்து கூறிவிடலாகாது. கணக்கு வரும்வரை முடிவு கூறாதிருத்தல் அறிவியலின் முதற்பாடமாகும்.

முடிவுரை

மாணவர்களே! வீரச் செயல் என்றவுடன் மலையுச்சியில் கொடி நாட்டுவதையும், அறியாத கடலைக் கடப்பதையும் நாம் எண்ணுகிறோம். அவை பாராட்டத்தக்கனவே. ஆயினும், ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் அளந்து, பிழையின்றி எழுதிவைப்பதும் வீரமே. அதனைச் செய்பவருக்கு உடனே புகழ் வருவதில்லை. அவர் எழுதிய முதற் பக்கத்தின் பொருள், பத்தாவது பக்கத்தை எழுதிய பின்னரே விளங்கும். சிலவேளை அதனை விளக்கும் பேறு அடுத்த தலைமுறைக்கே வாய்க்கும்.

நீங்கள் வண்டலூரிலோ வேறு ஊரிலோ வாழலாம். உங்கள் பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் ஒரே நாளில் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நீங்கள் பள்ளியை விட்டுச் செல்லும்போது அக்குறிப்பேட்டை உங்களுக்கு இளையவரிடம் ஒப்படையுங்கள். பத்தாண்டு கழித்து அதனைப் புரட்டுவோர், மண்ணுக்கடியிலுள்ள நீரின் வரலாற்றைப் படிப்பர். பனிக்கடலின் இருளில் நிற்கும் அக்கருவித்தொடர் செய்வதும் அத்தகைய பணியே.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்

நாழிகை – 24 நிமிடங்கொண்ட காலஅளவு
சுழி – பூச்சியம்
உவர்ப்பு – உப்புத்தன்மை
அடர்த்தி – குறித்த பருமனில் அடங்கிய பொருளின் அளவு
நுழைகடல் – நிலத்தினுள் நீண்டு புகுந்த கடற்பகுதி
பாதாளக் கரண்டி – கிணற்றில் விழுந்த பொருளை எடுக்க உதவும் கொக்கித் தொகுதி

வினாக்கள்

1. நீர்த்திரள் என்பது யாது? அதன் இயல்பை உறுதிசெய்யும் இரண்டு பண்புகள் எவை?
2. கிணற்றில் வெதுவெதுப்பான நீர் மேலே இருக்க, வடமுனைக் கடலில் வெம்மையான நீர் கீழே இருப்பது ஏன்?
3. 1960ஆம் ஆண்டுகளிற் புறப்பட்ட உப்புக் குறைந்த நீர்த்திரளின் பயணத்தை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர்?
4. 2006ஆம் ஆண்டில் அரசன் நுழைகடல் உறையாமைக்குக் காரணம் யாது?
5. இண்டார்க் கருவித்தொடரின் அமைப்பையும், அதனை மேலே எடுக்கும் முறையையும் விளக்குக.
6. 'ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறலாகாது' – இக்கூற்றை உங்கள் ஊர் மழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கி ஒரு கட்டுரை வரைக.

செய்து பார்க்க

ஒரு கண்ணாடிக் குவளையிற் பாதியளவு நீர் ஊற்றி, நான்கு கரண்டி உப்பையும் சிறிது மஞ்சள்தூளையும் கரைக்கவும். அதன்மேல் ஒரு கரண்டியின் பின்புறம் வழியாக நல்ல நீரை மெல்ல ஊற்றவும். இரு நீர்களும் கலக்கின்றனவா, அடுக்காக நிற்கின்றனவா என்பதைக் கண்டு, காரணத்தை எழுதுக.